வெற்றிலை வாடாத தூரம்

மருதமலை ஆண்டவன் காவல்

தொண்டாமுத்தூர்
5-4-1958

பம்பாய் மாட்டுங்காவில் குடித்தனம் செய்யும் என் அக்கா மகள் ராசாத்தாளுக்குத் தாய்மாமன் சென்னியப்பன் ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை மாசாணியம்மாளும் சுகம். சிவப்புக் கிடாரி கன்று போட்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளை பாலகோபாலும் சுகமாக இருக்க வேண்டும் என்று மருதமலைக்கு நடந்தே ஏறி வேண்டிக்கொண்டேன். அடிவாரம் வரை வண்டியில் போனதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சுகம் கேட்டாகிவிட்டது. இனி உன்னைத் திட்டப் போகிறேன். உட்கார்ந்து படி.

வைகாசியில் உன் தம்பி நாச்சிமுத்துவுக்குக் கல்யாணம். அதற்கு நீ எழுதிய பதிலை நேற்று உன் வீட்டு முன்கட்டு ஆசாரத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க வாசித்தார்கள். வாசித்தவனே நான்தான். நாலாம் வகுப்பில் பாதி வரைக்கும் போனவன் நம் இரண்டு குடும்பத்திலும் அந்தக் காலத்தில் நான் ஒருவன்தானே. மடித்த காகிதத்தைப் பிரித்தால் உள்ளே நாலு வரி. பம்பாய் வெகு தூரம், வந்து போகத் தோதுப்படாது, எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். நம் ஊர்த் தபால்காரன் வாசலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்போதே இதைவிட அதிகமாகப் பேசுவான்.

உன் அப்பா, என் மச்சான் அங்கண்ணன், அதைக் கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பாவம், அவளும் என்னதான் செய்வாள், தூரமல்லவா என்றார். அப்போது அவர் முகத்தில் கொஞ்சம் வருத்தம் இருந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். பல்வலி நின்றவன் முகம் மாதிரி இருந்தது, அம்மணி. அடுத்த மூச்சிலேயே, இணைச்சீருக்கு உன் பெரியப்பன் மகள் சுப்பாத்தாளை நிற்க வைத்துவிடலாம் என்று முடிவும் சொல்லிவிட்டார்.

இணைச்சீர் என்றால் என்னவென்று பம்பாய்க்காரிக்கு மறந்திருக்கும், சொல்கிறேன். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைப் பையனைப் பந்தலில் நிறுத்திக் கூறைப்புடவையின் ஒரு தலைப்பை அவன் கக்கத்தில் இடுக்கச் சொல்வார்கள். மறு தலைப்பு கூடப் பிறந்தவள் கையில். எனக்கு ஒரு பெண்டாட்டி வந்தாலும் உன்னை விடமாட்டேன் என்று அவன் அவளுக்குச் சொல்வது அது. உன் அம்மா எனக்கு அப்படி நின்றபோது நான் அந்தத் தலைப்பை இறுக்கிய இறுக்கில் சேலையே கிழியப் பார்த்தது என்று இன்றைக்கும் சொல்வார்கள். அந்த இடத்தில் சுப்பாத்தாளா? அவள் நல்ல பெண்தான். அதற்காக என் வாய்க்குப் பதிலாக அடுத்தவன் வாயில் சோற்றை ஊட்ட முடியுமா?

தூரம் என்கிறாயே, எது தூரம்? நேற்றே பள்ளிக்கூடத்துக்குப் போய் வாத்தியாரிடம் தேசப்படத்தை வாங்கி நூல் பிடித்துப் பார்த்தேன். கோயமுத்தூருக்கும் பம்பாய்க்கும் நடுவே என் கை விரல் நாலு. நாலே விரல்! வாத்தியார் அது படம், நிஜத்தில் அறுநூறு மைலுக்குக் கிட்ட வரும் என்றார். ரயில் தடத்தில் போனால் இன்னும் நானூறு மைல் கூடுமாம், ஏனென்றால் வடக்கே போக வேண்டியவன் முதலில் கிழக்கே அரக்கோணம் போய் வண்டி மாற வேண்டும். இரண்டு ராத்திரி ரயிலில் தூங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? மூன்று வருஷத்துக்கு முன்னால் போத்தனூர் ஸ்டேஷனில் உன்னையும் மாப்பிள்ளையையும் ரயில் ஏற்றிவிட நம் பக்கத்திலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான். மாப்பிள்ளை வீட்டில் தெலுங்கு பேசுவார்கள் என்பதற்காக உன் கல்யாணத்தையே ஒப்புக்கொள்ளாத உன் அப்பா அன்றைக்குத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மடையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

ரயில் உனக்குச் சிரமம் என்றால் ஏரோப்பிளான் இருக்கிறது. ஏரோப்பிளான் சமாசாரத்தில் என்னிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. யுத்த காலத்தில் பீளமேட்டில் விமானத்துக்குத் தடம் போட்டபோது முதல் வண்டிக் கல் என் வண்டியில் போனது. இன்றைக்கும் ஒவ்வொரு விமானமும் என் கல்லின் மேல்தான் இறங்குகிறது. மாப்பிள்ளை பெரிய மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டர். அவருக்கு ஒரு டிக்கெட் பெரிய காரியமா? இங்கிருந்து பம்பாய்க்கு எத்தனை மணி நேரம் என்று நானே பீளமேடு போய் விசாரித்து எழுதுகிறேன். அதற்குப் பிறகு தூரம் என்ற சொல்லை எழுத உனக்குக் கை வராது.

இன்னொன்று. உன் அம்மா உன்னைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் காலையில் நம் பக்கம் மேலே ஒரு ஏரோப்பிளான் போகும். நான்தான் ஒரு நாள் சும்மா இருக்காமல், அக்கா, அது பம்பாய்க்குப் போவது என்று சொன்னேன். அன்றிலிருந்து அது சத்தம் போட்டால் அடுப்பில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு வெளியே வந்து நிற்கிறாள். வந்து நின்று பார்க்கிறவளிடம் போய், உன் மகள் தூரம் என்று எழுதியிருக்கிறாள் என்று படித்துக் காட்டியது என் வாய். இந்தக் கோபம் எனக்கு வருமா வராதா?

போன வாரம் யானை இறங்கி நம் தோப்பில் தென்னங்கன்றுகளை மிதித்துவிட்டுப் போயிற்று. வெள்ளியங்கிரிக் காட்டில் இருக்கிற யானைக்கு நம் தோட்டம் தூரமாகத் தெரியவில்லை. அதை யாரும் அழைக்கவும் இல்லை. உனக்கோ அழைப்பு அனுப்பியாயிற்று என்று மச்சான் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். அழைத்தும் வராதவளை என்னவென்று சொல்வது? நீயே சொல்.

கோபம் ஆறவில்லை. ஆனாலும் மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

திட்டினாலும் உன் பக்கத்தில் நிற்கும்
தாய்மாமன் சென்னியப்பன்


மருதமலை ஆண்டவன் காவல்

தொண்டாமுத்தூர்
24-4-1958

ராசாத்தாளுக்கு மாமன் எழுதுவது.

உன் பதில் வந்தது. இந்தத் தடவை நாலு வரிகூட இல்லை. ஒரே வரி. மாமா, பத்திரிகை தபாலில் வந்தது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. தபாலில் வராமல் பத்திரிகை கிளி மூக்கிலா வரும் என்று உன் அத்தையிடம் கத்தினேன். மாசாணி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவள் கையை எடுக்காமலே கேட்டாள், உங்க அக்கா மகளுக்குத் தபால்ல பத்திரிகை போனா, உங்களுக்கு எதுல வந்துச்சுங்க என்று.

எனக்கு எதில் வந்தது? மச்சானும் அக்காவும் சேர்ந்து வந்து, தட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, என் கையையும் மாசாணி கையையும் சேர்த்துப் பிடித்து, முன்னால் வந்து நடத்திக் கொடுக்க வேணும் என்று சொல்லி அழைத்தார்கள். அடுத்த தெருவில் இருக்கிற எனக்கு அப்படி. கோயமுத்தூர் கணபதியில் உன் தம்பி வேலை செய்கிற மோட்டார்ப் பட்டறை முதலாளிக்கும் வெற்றிலை போயிற்று. மண்பானை கொடுக்கிற குயவருக்கும் போயிற்று. பெற்ற மகளுக்கு மட்டும் அரையணா ஸ்டாம்பு மாதிரி ஒன்றை நக்கி ஒட்டி அனுப்பியிருக்கிறார். கண்ணு, இதை நீ முதலிலேயே எழுதியிருந்தால் நான் உன்னைத் திட்டிய திட்டையெல்லாம் மிச்சம் பிடித்து உரிய இடத்தில் செலவு செய்திருப்பேனே.

எனக்கு உட்கார முடியவில்லை. வண்டியைக் கட்டினேன். நேராக மச்சான் வீட்டுக்குப் போகவில்லை. வெறுங்கையோடு சண்டைக்குப் போகிறவன் நான் அல்ல. முதலில் பீளமேடு போனேன்.

அங்கே நான் வந்து இறங்கியதும் காவல்காரன் சலாம் வைத்தான். அது எனக்குப் பின்னால் வந்த காருக்கு என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். உள்ளே வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையன் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். மரியாதையான பையன். ஏனுங்க, என்ன வேணுமுங்க என்று கேட்டான். பம்பாய் எத்தனை தூரம், எத்தனை நேரம் என்று கேட்டேன். காலையில் ஏறினால் பெங்களூரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டுமாம். பொழுது சாயும் முன்னே பம்பாய் சாந்தாகுரூஸில் இறங்கிவிடலாமாம். மேலே பறக்கிற நேரத்தை மட்டும் கூட்டினால் நாலு மணிக்குக் கொஞ்சம் கூட. நாலு மணி நேரம்! நம் தோட்டத்திலிருந்து போத்தனூர் ஸ்டேஷனுக்கு வண்டி கட்டினால் என் காளைகளுக்கே அதற்கு மேல் ஆகும். அப்படிப் பார்த்தால் எனக்குப் பம்பாய் போத்தனூரைவிடக் கிட்டம். இதை அந்தப் பையனிடம் சொன்னேன். அவன் அப்படி யோசித்ததே இல்லை என்றான்.

பிறகு நான் முக்கியமான கேள்வியைக் கேட்டேன். காலையில் கிள்ளிய வெற்றிலை அங்கே போய் இறங்கும்போது வாடியிருக்குமா? அவன் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மேலே குளிருங்க, ஈரத் துணியில் சுற்றிக் கொண்டு போனால் வாடாதுங்க என்றான். ரயிலில் இந்தச் சித்திரை வெயிலில் இரண்டு ராத்திரி வந்தால் வெற்றிலை பழுத்துப் போகும். பழுத்த வெற்றிலையை மகள் வீட்டில் வைக்க முடியாது. ஆகவே ரயிலில் போகவில்லை என்று உன் அப்பா சொன்னால் அது ஒரு பேச்சு. இனி அதுவும் கிடையாது.

கிளம்பும்போது கேட்டேன், காலையில் மேற்கே எங்கள் ஊர்ப் பக்கம் போகிறதே, அது எந்த ஊருக்குப் போகிற விமானம் என்று. அது கொச்சிக்குப் போகிறதாம். உன் அம்மா மூன்று வருஷமாக அடுப்பை விட்டு ஓடி வந்து பார்த்தது கொச்சிக்குப் போகிற விமானத்தை. எனக்கு எதன் மேல் கோபம் என்றே தெரியவில்லை. வழி நெடுக மாட்டைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன்.

நான் திரும்பி வந்து சேர்ந்த நேரம் உன் வீட்டில் கூறைப்புடவை எடுத்து வந்திருந்தார்கள். ஆசாரத்தில் பாய் விரித்து அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் பெரியப்பன் வீட்டார், சுப்பாத்தாள், நாச்சிமுத்து, எல்லோரும் இருந்தார்கள். நான் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ராசாத்தாளுக்கு வெற்றிலை வைக்காமல் தபாலில் பத்திரிகை அனுப்பியது யார் யோசனை என்று நடு ஆசாரத்தில் கேட்டேன். மச்சான் நிதானமாகத்தான் ஆரம்பித்தார். பம்பாய்க்கு யார் போய்வருவது, போக வர ஒரு வாரம் போய்விடும், தோட்டத்தை யார் பார்ப்பது, தூரத்தில் இருக்கிறவர்களுக்கு இந்தக் காலத்தில் எல்லோரும் தபால்தானே அனுப்புகிறார்கள் என்றார். தூரம் என்ற சொல் அவர் வாயில் வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. அறுநூறு மைல், நாலு மணி நேரம், பெங்களூரில் மாற வேண்டும், வெற்றிலை வாடாது என்று எல்லாவற்றையும் அடுக்கினேன்.  விமானத்தை நானே ஓட்டிக்கொண்டு வந்தது மாதிரி உன் பெரியப்பன் என்னைப் பார்த்தார்.

 அதற்கு மச்சான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“சென்னியப்பா, ஏரோப்பிளான்ல போனா பம்பாய் நாலு மணி நேரமுன்னு கேட்டுப்போட்டு வந்துட்டே. என்ர ஊட்டு வாசப்படிய நான் எறங்கறதுக்கு எத்தன மணி நேரமாகுமுன்னு அங்க கேட்டியா?”

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. உன் அம்மா பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன்.

சுப்பாத்தாள் எழுந்துபோய்ப் புடவையை மடிக்கப் பார்த்தாள். அப்போது உன் தம்பி அதன் ஒரு தலைப்பைக் கையில் எடுத்தான். உனக்குத்தான் தெரியுமே, பட்டறையில் கடைசல் மெஷின் போடுகிற சத்தத்தில் வேலை செய்து செய்து அவனுக்குப் பேச்சே குறைந்துவிட்டது. கல்யாணப் பேச்சிலேகூட அவன் வாயிலிருந்து ஆமாங்க தவிர ஒன்றும் வரவில்லை. அப்பனை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான்.

“அக்கா வர்லீன்னா மறு தலைப்ப யாரும் புடிக்க வேண்டாமுங்கப்பா. தரையில கெடக்கட்டும்.”

கூறைப்புடவை தரையில் கிடப்பதா! உன் பெரியம்மா காதைப் பொத்திக்கொண்டாள். அபசகுனமாகப் பேசாதே என்று ஆளாளுக்கு அவன்மேல் விழுந்தார்கள். சுப்பாத்தாள் மட்டும், அவன் சொல்றது சரிதானுங்க, அக்கா இருக்கையில நான் எப்புடி நிக்கறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளைப் பற்றி நான் போன கடிதத்தில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு. மச்சான் துண்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார். போகும்போது அவர் வாசற்படியில் கொஞ்சம் நின்ற மாதிரி எனக்குத் தெரிந்தது. செருப்பு மாட்டத்தான் நின்றார் என்கிறாள் மாசாணி.

இதுதான் இங்கே நிலவரம். கண்ணு, உன்னை ஒன்று கேட்கிறேன். இனி யாருக்கும் தூரம் என்று எழுதாதே. நீங்கள் அப்பனும் மகளுமாகச் சேர்ந்து அந்தச் சொல்லை நடுவில் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறீர்கள். கோபம் என்று எழுது. கோபத்துக்கு நான் வழி பார்க்கிறேன். தூரத்துக்கு விமானக்காரன் வழி பார்த்துவிட்டான்.

மாப்பிள்ளையிடம் இதில் எவ்வளவு சொல்ல வேண்டுமோ அவ்வளவு சொல். அவருக்கும் ரோஷம் இருக்கும். இருக்க வேண்டியதுதான்.

உன் வீட்டுச் சண்டைக்குச் சொந்தக்காரன்
மாமன் சென்னியப்பன்


மருதமலை ஆண்டவன் காவல்

தொண்டாமுத்தூர்
7-5-1958

அம்மணி ராசாத்தாளுக்கு,

நான் வாரேன். வெள்ளிக்கிழமை காலை விமானத்தில் ஏறுகிறேன். இந்தக் கடிதமும் விமானத்தில்தான் வருமாம். எனக்கு முன்னால் வந்தால் படி. எனக்குப் பின்னால் வந்தால் நான் உன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன். டிக்கெட்டுக்கு என்ன வழி செய்தீர்கள் என்று கேட்காதே. தாய்மாமன் சீர் என்று நினைத்துக்கொள். மேலே போனால் தலை சுற்றும், காது அடைக்கும் என்று ஊரில் பத்துப் பேர் வந்து பயமுறுத்திவிட்டுப் போனார்கள். பனைமரம் ஏறினவனுக்கு ஏரோப்பிளான் ஒரு உயரமா என்று கேட்டு அனுப்பினேன். நான் பனை ஏறியதை யார் பார்த்தார்கள் என்று மாசாணி திருப்பிக் கேட்கிறாள். அதையெல்லாம் விடு.

கோயமுத்தூர் மார்க்கெட்டில் நல்ல வெற்றிலையாக வாங்கிக்கொண்டு கிளம்புவது என்றுதான் இருந்தேன். வெற்றிலை வைக்காமல் மகளை விட்ட குடும்பம் என்று நாளைக்கு நாலு பேர் பேசக் கூடாது. அப்பன் போகாவிட்டால் தாய்மாமன் போவான். எந்தச் சீரிலும் தாய்மாமனுக்கு இடம் உண்டு. இதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டிய காதுக்கும் போய்ச் சேரும் என்றுதான் சொன்னேன். போய்ச் சேர்ந்தும் ஒரு வாரமாக அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. மனிதனா, மரமா? மரம் என்றாலும் காற்றடித்தால் அசையும். அவர் வீட்டுப் பக்கம் இனி கால் வைப்பதில்லை என்று மாட்டுக்கொட்டகையில் நின்று சத்தியம் செய்தேன்.

நேற்றுப் பொழுது சாயும் நேரம். நான் களத்தில் வண்டி அச்சுக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன். மச்சான் வேலியோரம் வந்து நின்றார்.

ராசாத்தாள், நான் எதையும் ஒன்றை ஒன்பதாகச் சொல்கிறவன் என்று உனக்குத் தெரியும். இந்த இடத்தில் அவர் கண் கலங்கினார், என்னைக் கட்டிக்கொண்டார், மகளே என்று கதறினார் என்றெல்லாம் எழுத எனக்கு எவ்வளவு ஆசை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. மாசாணி தண்ணீர் கொண்டு வந்தாள், குடித்தார். இந்த வருஷம் கோடை மழை எப்படி என்று பேசினார். யானை மிதித்த கன்றுகளை மாற்றி வைத்தாயா என்று கேட்டார். பிறகு மைக்கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அந்த ஏரோப்பிளான்ல வெத்தல வாடாதுன்னு சொன்னியே. நெசமா, இல்ல உன்ர அளப்பா?”

நிசம்தானுங்க மச்சான் என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க எனக்கு வாய் வரவில்லை.

துண்டுக்குள்ளிருந்து வாழை இலையில் சுற்றிய ஒன்றை எடுத்து வண்டி நுகத்தடியின் மேல் வைத்தார். உங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் பாக்கு மரத்தில் ஏற்றிய வெற்றிலைக் கொடி இருக்கிறதல்லவா, நீ சின்னப் பிள்ளையில் தண்ணீர் ஊற்றியது. அந்த வெற்றிலை. வெள்ளிக்கிழமைக்கு இது நிற்குமோ என்னவோ, முதல் கோழி கூவும்போதே வேறு கிள்ளி வைக்கிறேன், வண்டியை அந்தப் பக்கமாக ஓட்டிக்கொண்டு போ என்றார். இதை எதற்கு இன்றைக்கே கொண்டு வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கட்டு எப்படிக் கட்ட வேண்டும் என்று எனக்குக் காட்டத்தான் கொண்டு வந்திருக்கிறார் என்பது அவர் போன பிறகு இலையைப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

உள்ளே ஒரு கட்டு இல்லை. இரண்டு கட்டு இருந்தது. நம் பக்கத்து முறை உனக்குத் தெரியும். மகளுக்கு ஒரு வெற்றிலை, மருமகனுக்குத் தனியாக ஒரு வெற்றிலை. மருமகனுக்கு வைக்கிறதில் கொட்டைப் பாக்கு உடைக்காமல் முழுசாக இருக்க வேண்டும். முழுசாக இருந்தது. மூன்று வருஷமாக மாப்பிள்ளை பெயரைச் சொல்லாத மனிதர், நேற்றும் சொல்லவில்லை.

அவர் ஏன் தானே வரவில்லை என்று நீ கேட்பாய். எனக்கும் அந்தக் கோபம் இருக்கிறது, இன்னும் ஆறவில்லை, அதை நான் கல்யாணம் முடிந்த பிறகு அவரிடம் வைத்துக்கொள்கிறேன். அவர் வாசற்படி இறங்கி என் வேலி வரைக்கும் வந்திருக்கிறார். மீதித் தூரத்தை நான் பறக்கிறேன். அப்பன் கிள்ளிய வெற்றிலையைத் தாய்மாமன் கொண்டு வந்து வைத்தால் அது அழைப்பு. இல்லை என்கிறவன் இருந்தால் அவனை என்னிடம் அனுப்பு.

உன் அம்மாவை வண்டியில் பீளமேட்டுக்குக் கூட்டிப் போகிறேன். வேலிக்கு வெளியே நின்று நான் ஏறுவதைப் பார்க்கட்டும். தினமும் மேற்கே பார்க்கிறாளே, அது கொச்சிக்குப் போவது என்று இன்றைக்குக் காலையில் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. தெரியுமடா, போன வருஷமே நாச்சிமுத்து சொன்னான், எந்த ஏரோப்பிளானுக்கும் சத்தம் ஒன்றுதானே என்று பார்த்தேன் என்றாள். உனக்கென்று எள்ளுருண்டை பிடித்துக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளைக்குப் பிடிக்குமா என்று மாசாணியிடம் கேட்டாளாம். எனக்குத் தெரியாததால் ரொம்பப் பிடிக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவரையும் அப்படியே சொல்லச் சொல்.

சாந்தாகுரூஸுக்கு யாரும் வர வேண்டாம். நான் கேட்டுக் கேட்டு வந்துவிடுவேன். நீ கதவைத் திறந்து வை. மாப்பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் பக்கத்தில் நிறுத்திக்கொள். இரண்டு பேரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். வாடியிருந்தால் வாங்க வேண்டாம், நான் அடுத்த விமானத்தில் திரும்பிவிடுகிறேன். வாடாமல் இருந்தால், கண்ணு, உடனே கிளம்ப வேண்டும். உன் தம்பி சேலையின் ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

வெற்றிலையோடு வருகிற
உன் மாமன்
சென்னியப்பன்